ஏழு கோபுரங்கள் நின்ற ஊர்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டம் கைமாறிய பின் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன உறவினர்கள் நம்மில் பலருக்கும் உண்டு. அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பெரியவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான். "வீடு நல்ல வீடு. ஆனால், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை" என்பார்கள். இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. நம்மிடமிருந்து பல ஆயிரம் மைல் தொலைவில், குளிர் நிறைந்த ஒரு நாட்டிலும் இதே குறையை மக்கள் சொன்னார்கள். அவர்கள் பட்ட பாட்டையும், அதிலிருந்து மீண்டு வந்த வகையையும் இன்றைய உரையில் காண்போம்.

ஐரோப்பாவின் மேற்குக் கோடியில், பிரிட்டனுக்கும் அப்பால் கடல் சூழ்ந்து கிடக்கும் தீவு அயர்லாந்து. அதன் தலைநகரம் டப்ளின். அந்நகரத்தின் வடக்கே, விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் புறநகர்தான் பாலிமன். அயர்லாந்தின் வரைபடத்தைப் பார்த்தால் 'பாலி' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்கள் ஏராளமாக இருக்கும். நம் தமிழூர்ப் பெயர்களில் 'ஊர்' என்றும் 'பட்டி' என்றும் வருவது போன்றதுதான் அது. 'ஊர்' என்று பொருள்படும் ஐரிஷ் மொழிச் சொல்லிலிருந்து அது பிறந்தது.

அறுபது ஆண்டுகளுக்கு முன்புவரை பாலிமன் வயலும் மேய்ச்சல் நிலமுமாகவே இருந்தது. அருகிலேயே, 1838-இல் மாதிரிப் பண்ணையாகத் தொடங்கி, பின்னர் ஆல்பர்ட் வேளாண்மைக் கல்லூரி என்று பெயர் பெற்ற பழைய கல்விக்கூடம் ஒன்று இருந்தது. அந்தக் கல்லூரியின் நிலத்தில்தான் பிற்காலத்தில் அயர்லாந்தின் மிகப் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. உழவு படித்த நிலத்தில் வானளாவிய கட்டடம் ஏன் எழுந்தது? அதை அறிய நாம் டப்ளின் நகரத்தின் உட்பகுதிக்குப் போகவேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் டப்ளின் செல்வந்தர்கள் பெரிய பெரிய மாளிகைகளைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். 1801-இல் அயர்லாந்தின் நாடாளுமன்றம் லண்டனோடு இணைக்கப்பட்டதும், பிரபுக்கள் பலர் ஊரைவிட்டுப் போனார்கள். காலப்போக்கில் அவர்கள் விட்டுச்சென்ற மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறைக்கு ஒரு குடும்பம். ஹென்ரியட்டா வீதியில் 14ஆம் எண் மாளிகையில், 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 17 குடும்பங்களைச் சேர்ந்த 100 பேர் வாழ்ந்தார்கள். இன்று அந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1914-இல் வெளிவந்த அரசாங்க விசாரணை அறிக்கையோ, டப்ளினில் 20,108 குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்வதாகக் கூறியது.

அந்தப் பழைய வீடுகள் அவ்வப்போது இடிந்து விழுந்தன. 1913-இல் சர்ச் வீதியில் இரண்டு வீடுகள் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் நிலைமை முற்றும் மாறவில்லை. 1963 ஜூன் மாதத்தில், சில நாள் இடைவெளியில் போல்டன் வீதியிலும் பீனியன் வீதியிலும் வீடுகள் இடிந்தன. முதல் விபத்தில் முதியவர்கள் இருவர் இறந்தார்கள். இரண்டாவது விபத்தில், வீதியில் நடந்துபோன சிறுமிகள் இருவர் இறந்தார்கள். நகரமே கொதித்தது. ஆபத்தான வீடுகளிலிருந்து குடும்பங்களை அவசர அவசரமாக வெளியேற்றினார்கள். ஆனால், அவர்களை எங்கே குடிவைப்பது?

அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் பாலிமன். வேகமாகக் கட்டவேண்டும் என்பதே அப்போதைய கட்டளை. தொழிற்கூடத்தில் கான்கிரீட் பலகைகளை வார்த்து, கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் புதிய முறையைக் கையாண்டார்கள். பதினைந்து மாடிக் கோபுரங்கள் ஏழு, எட்டு மாடிக் கட்டடங்கள் பத்தொன்பது, நான்கு மாடிக் கட்டடங்கள் பத்து என, சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய 2,800 வீடுகள் எழுந்தன. முதல் குடும்பங்கள் 1966-இல் குடிபுகுந்தன.

1966 அயர்லாந்துக்கு முக்கியமான ஆண்டு. விடுதலைக்காக நடந்த 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் எழுச்சியின் பொன்விழா அந்த ஆண்டில்தான் வந்தது. விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டு, அதற்காகவே சுட்டுக்கொல்லப்பட்ட எழுவரின் பெயர்களை ஏழு கோபுரங்களுக்கும் சூட்டினார்கள். பியர்ஸ், கிளார்க், மெக்டோனா, மெக்டெர்மட், கென்ட், பிளங்கெட் ஆகியோருடன், தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் கானலியின் பெயரும் அவற்றுள் ஒன்று.

குடிபுகுந்தவர்களின் மகிழ்ச்சியை நாம் எண்ணிப் பார்க்கலாம். முற்றத்தில் இருந்த ஒரே குழாயில் வரிசை பிடித்துத் தண்ணீர் பிடித்தவர்களுக்கு, வீட்டுக்குள்ளேயே குளியலறை கிடைத்தது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. ஒரே கொதிகலன் கூடத்திலிருந்து வெப்பம் எல்லா வீடுகளுக்கும் சென்றது. பிள்ளைகளுக்குத் தனி அறை. இவையெல்லாம் பெரும் பேறுதான். அதை மறுக்க முடியாது.

ஆனால், வீடு கட்டியவர்கள் ஊரைக் கட்ட மறந்துபோனார்கள். மக்கள் வந்த பின்பும் கடைத்தொகுதி வரவில்லை. வண்டியில் வந்து விற்பவர்களிடமே சாமான் வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் போதவில்லை. வேலை கிடைக்கும் இடங்களோ தொலைவில் இருந்தன. வீட்டுக்கு வரும் வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ குடியிருப்பவர்களால் முடியாது. புழுக்கம் தாளாமல் குளிர்காலத்திலும் சன்னலைத் திறந்து வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மின்தூக்கி அடிக்கடி பழுதானது. கைக்குழந்தையும் சாமான் பையுமாகப் பத்தாம் மாடி, பன்னிரண்டாம் மாடிக்குப் படியேறிய தாய்மார்களின் துன்பத்தை விவரிக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில் 1984-இல் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அரசாங்க வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்த வீடு வாங்குபவருக்கு 5,000 பவுன் மானியம். கேட்பதற்கு நல்ல திட்டம்தான். ஆனால், சொந்த வீடு வாங்க யாரால் முடியும்? நிலையான வேலையும் சம்பளமும் உள்ளவரால்தானே முடியும்! அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் பாலிமனை விட்டுப் போனார்கள். சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர், பிள்ளைகளுக்குப் பந்து விளையாடக் கற்றுக்கொடுத்தவர் போன்றவர்களும் அவர்களோடு சேர்ந்தே போய்விட்டால் ஓர் ஊரின் கதி என்ன? வேலையற்றவர்களும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களும் எஞ்சினார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. போதைப்பொருள் என்னும் நச்சு உள்ளே நுழைந்தது. மானியத் திட்டம் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது; அதற்குள் கேடு நிகழ்ந்துவிட்டது.

நேயர்களே, வெளியிலிருந்து பார்த்தவர்கள் பாலிமன் என்றாலே முகம் சுளித்தார்கள். ஆயினும், உள்ளே வாழ்ந்த மக்கள் கைகட்டி நிற்கவில்லை. நம் உரையின் உயிர்நாடியே இதுதான்.

தாய்மொழியில் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று விரும்பிய பெற்றோர், 1970களில் ஐரிஷ் மொழிப் பள்ளி ஒன்றை அங்கே உருவாக்கினார்கள். கோபுரங்களுக்குப் பெயர் தந்த அதே எழுவரை நினைவுகூர்ந்து, 'ஏழு வீரர் பள்ளி' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆங்கிலம் ஆட்சி செய்யும் நகரத்தில் தாய்மொழிப் பள்ளியைக் கட்டிக் காப்பது எத்தகைய பாடு என்பதை நாம் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பாலிமன் கிக்ஹாம்ஸ் என்னும் விளையாட்டுக் கழகம், அயர்லாந்தின் சொந்த விளையாட்டான கேலிக் காற்பந்தில் டப்ளின் முழுவதும் பெயர் எடுத்தது. பையன்கள் மட்டக் குதிரைகளை வாங்கி, கட்டடங்களுக்கிடையே இருந்த புல்வெளியில் மேய்த்தார்கள். கோபுரத்து வீட்டில் குதிரை வளர்க்கும் சிறுவர்களைப் பற்றி 1992-இல் ஒரு திரைப்படமே வந்தது. கான்கிரீட் காட்டுக்குக் குடிபோனாலும், மண்ணின் பழக்கம் மனிதனை விடுவதில்லை.

குடியிருப்பாளர்கள் சங்கம் கூட்டிப் பேசினார்கள். 1987-இல் மக்களின் பிரதிநிதிகளும் மாநகராட்சி அதிகாரிகளும் ஒரே மேசையில் அமரும் வீடமைப்புச் செயற்குழு ஏற்பட்டது. 1998-இல், ஒரு கோபுரத்தில் மின்தூக்கி ஓடாமல் அவதிப்பட்டவர்கள் உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். மின்தூக்கியை ஓடச் செய்யவேண்டும் என்று நீதிமன்றம் மாநகராட்சிக்கு உத்தரவிட்டது. "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம் பழமொழி. சேர்ந்து சொன்னால் ஏறும் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

1997-இல், பழுதுபார்த்துப் பயனில்லை, முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டுவோம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. இம்முறை மக்களிடம் கருத்துக் கேட்டுத் திட்டம் தீட்டினார்கள். பெரும்பாலும் தாழ்வான வீடுகள், வாசல் திறந்தால் தெரு, பூங்காக்கள் என்று அமைந்தது புதிய பாலிமன். 2001-இல் 'ஆக்சிஸ்' என்னும் கலை மண்டபம் திறக்கப்பட்டது. 2004-இல் பியர்ஸ் கோபுரம் முதலில் இடிக்கப்பட்டது. கடைசியாக நின்ற பிளங்கெட் கோபுரம் 2015-இல் மறைந்தது.

இடித்தபோது எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டா. பிள்ளை பெற்று வளர்த்த வீடு, எவ்வளவு குறை இருந்தாலும் அது நம் வீடல்லவா? பலர் கண் கலங்க நின்று பார்த்தார்கள். புதிய ஊரிலும் குறைகள் உண்டு. நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த 2008-க்குப் பிறகு, வாக்களிக்கப்பட்ட சில திட்டங்கள் தடைப்பட்டன. பழைய கடைத்தொகுதி கடை கடையாக மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது.

புதிய பாலிமன் உருவான காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கிறோம். யோகன் கெர்ஸ் என்னும் ஜெர்மானியக் கலைஞர் அங்கே வந்தார். சிலை ஏதும் வைக்கவில்லை. ஊர் மக்களை ஆளுக்கொரு மரம் நடப் பணம் கொடுக்கச் சொன்னார். அந்த மரம் பேசினால் உங்களுக்காக என்ன சொல்லவேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை மரத்தடியில் பொறிக்கச் செய்தார். இலவசமாகக் கொடுத்திருந்தால் அது மாநகராட்சியின் மரமாக இருந்திருக்கும். தாமே விலை கொடுத்ததால் அது அவரவர் மரமாயிற்று.

ஆகவே, புதிய வீட்டுக்குக் குடிபோகும்படி யாராவது நம்மை அழைத்தால், எத்தனை அறை என்று மட்டும் கேட்டு நின்றுவிடக்கூடாது. பள்ளி எங்கே, மருந்தகம் எங்கே, பேருந்து எத்தனை மணிக்கு, மின்தூக்கி பழுதானால் யாரிடம் சொல்வது, கூடிப் பேச மண்டபம் உண்டா என்று ஒன்றுவிடாமல் கேட்போம். தனித்தனியாகக் கேட்காமல், சங்கமாகக் கூடிக் கேட்போம். குடிபோன பிறகு, அடுத்த வீட்டுக் கதவை நாமே முதலில் தட்டுவோம்.