குரூப்பில் அரசியல் வேண்டாம்



சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் இன்று எல்லாத் தொழிலுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு அன்றன்றைய முட்டை விலை அதில்தான் வருகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக்காரர்களுக்கு நூல் விலை வருகிறது. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளி போட்டவர்களுக்குக் கிழங்கு விலை வருகிறது. விலை ஏன் இப்படி இறங்கியது என்று ஒருவர் கேட்பார். வரி என்பார் ஒருவர், மின்கட்டணம் என்பார் மற்றொருவர். மூன்றாவது ஆள் ஒரு மந்திரியின் பெயரை எடுத்ததும் குரல் வந்துவிடும்: "அண்ணா, குரூப்புல அரசியல் வேண்டாங்ணா. டெலீட் பண்ணிருங்க."

சொந்தக்காரர்களுக்குள் சண்டை வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள் என்றால் அதில் நியாயம் உண்டு. ஆனால் பல சமயம் காரணம் அது இல்லை. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பிள்ளைக்கு அரசு வேலை கிடைக்கும்போது போலீஸ் விசாரணையில் இது வந்து நிற்குமோ என்ற பயம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது, சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பயத்துக்குக் காரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2017 ஜூலையில், சேலம் அரசு மகளிர் கலைக் கல்லூரி அருகே, எரிவாயு, எண்ணெய் எடுப்பை எதிர்த்துப் போராடிய நெடுவாசல், கதிராமங்கலம் மக்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்தார் வளர்மதி. பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துக்கொண்டிருந்த மாணவி. கைது செய்தார்கள். சில நாட்களில் குண்டர் சட்டமும் பாய்ந்தது. பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தக் காவல் ஆணையை ரத்து செய்தது. அதற்குள் ஏறக்குறைய இரண்டு மாதம் சிறையில் போய்விட்டது.

அடுத்த வருடம் எட்டுவழிச் சாலை வந்தது. சென்னையிலிருந்து சேலம் வரை 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய்த் திட்டம். அச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர் பக்கத்துத் தோட்டங்களிலும் தென்னந்தோப்புகளிலும் அளவைக் கல் நட்டார்கள். பெண்கள் வயலில் நின்று அழுத காட்சிகள் செல்போனில் எடுக்கப்பட்டு ஊர் ஊராகப் பரவின. பெரிய பத்திரிகைகள் வருவதற்கு முன்பே அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது என்றால் அது இந்தச் சின்னச் சின்ன வீடியோக்களால்தான். அதே செல்போன் சாட்சியாகவும் மாறியது. சேலம் சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மானுஷ், நடிகர் மன்சூர் அலிகான் இருவரும் மே மாதம் பேசிய பேச்சுக்காக ஜூன் மாதம் கைது செய்யப்பட்டார்கள். வளர்மதியையும் மறுபடி பிடித்தார்கள். போராட்டத்துக்கு வராத, வீடியோவை ஃபார்வர்டு மட்டும் செய்த எத்தனையோ பேர் அந்த ஜூனில் தங்கள் போனைத் திறந்து பழைய செய்திகளை அழித்திருப்பார்கள். 2019 ஏப்ரலில் அந்த நில எடுப்பு அறிவிக்கைகளை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்குப் பெருமளவு வழிவிட்டது. ஆனாலும் ஓர் உயர்நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட அந்த விவசாயிகளின் கேள்விகளுக்கு அடிப்படையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குண்டர் சட்டம் என்றேன். 1982இல் கள்ளச்சாராயக்காரர்களையும் ரவுடிகளையும் மனதில் வைத்துக் கொண்டுவந்த சட்டம் அது. வழக்கு விசாரணை இல்லாமலேயே ஓராண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்கலாம். 2014இல் அதைத் திருத்தினார்கள். சைபர் சட்டக் குற்றவாளி என்ற ஒரு புதிய வகையைச் சேர்த்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் குற்றப் பிரிவுகளில் எதில் சிக்கினாலும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவர வழி பிறந்தது. அப்போது அந்தப் பிரிவுகளுக்குள் 66ஏ இருந்தது. யாருக்காவது எரிச்சலூட்டும்படி இணையத்தில் எழுதினாலே மூன்றாண்டு வரை சிறை என்ற பிரிவு. 2012இல் புதுச்சேரித் தொழில்முனைவோர் ஒருவரை ஒரே ஒரு ட்வீட்டுக்காக அதிகாலையில் கைது செய்தது இந்தப் பிரிவில்தான். 2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில், உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. செத்துப்போன அந்தப் பிரிவில் அதற்குப் பிறகும் பல மாநிலங்களில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தார்கள். 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடி தலையிட்டு அந்த வழக்குகளையெல்லாம் கைவிடச் சொல்ல வேண்டியிருந்தது.

இது ஒரு கட்சியின் பழக்கம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 2017இல் ஆண்டவர்கள் ஒரு கட்சி. 2024 மே மாதம், யூடியூப் பேட்டியில் பெண் காவலர்களைப் பற்றிப் பேசிய சவுக்கு சங்கர் மீது குண்டர் சட்டம் போட்டபோது ஆட்சியில் இருந்தது இன்னொரு கட்சி. அந்தப் பேச்சு கண்டிக்கத்தக்கது, அதற்கு வழக்கு நடத்தலாம், தண்டனையும் வாங்கித் தரலாம். விசாரணையே இல்லாமல் உள்ளே வைப்பது வேறு விஷயம். ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்றே நாளில் மறுபடி ஒரு குண்டர் சட்ட ஆணை வந்தது.

சரி, போலீஸ் இணையத்தைப் பார்க்கவே கூடாதா? அப்படி நான் சொல்ல மாட்டேன். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. நம் நூற்பாலைகளிலும் கோழிப்பண்ணைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பயந்துபோனார்கள். அந்தப் பொய்யை உடனே மறுத்ததும், பரப்பியவர்களைத் தேடியதும் காவல்துறை செய்ய வேண்டிய வேலைதான். அந்த ஆண்டின் தொடக்கத்தில் மாநகரங்களிலும் மாவட்டங்களிலும் 203 காவலர்களைக் கொண்டு சமூக ஊடகக் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டிருந்தன.

ஆனால் கண்காணிப்புக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படும் ஒரு வாதத்தை நம் மாவட்டங்களின் அனுபவத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதிகாரம் போதவில்லை, அதனால் குற்றவாளியைப் பிடிக்க முடியவில்லை என்பார்கள். 2015இல் கோகுல்ராஜ் என்ற இளைஞரின் கொலை வழக்கின் முதன்மைக் குற்றவாளி, பின்னாளில் ஆயுள் தண்டனை பெற்றவர், மூன்று மாதத்துக்கும் மேல் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார். நாமக்கல் முழுக்க அதைக் கேட்டது. கடைசியில் அவராக வந்துதான் சரணடைந்தார். 2016 ஜூனில், தன் படத்தை ஆபாசமாக மாற்றி ஃபேஸ்புக்கில் போட்டவனைக் கண்டுபிடிக்கச் சொல்லி முறையிட்ட சேலம் மாவட்டத்து இளம்பெண் ஒருவர், காத்திருந்து மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். காவல் கண்காணிப்பாளர் பிறகு வருத்தம் தெரிவித்தார். அந்தப் பெண்ணுக்கு உதவச் சட்டத்தில் எந்த இடத்திலும் தடை இருக்கவில்லை. அவருடைய புகாரை அவசரமாக எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. துண்டறிக்கை கொடுத்த மாணவியிடம் காட்டிய வேகத்தில் பாதியை அங்கே காட்டியிருந்தால் போதும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று. பொதுவில் எழுதியதைப் போலீஸ் படித்தால் என்ன தப்பு, எல்லோரும்தானே படிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. டீக்கடையில் பேசுவது நாலு பேர் காதில் விழும், அதில் தப்பில்லை. அதே டீக்கடையில் ஒருவர் தினமும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, இன்னார் இன்ன தேதியில் இன்ன கட்சியைத் திட்டினார் என்று வருடக்கணக்கில் எழுதிவைத்தால் அந்தக் கடையில் யார் பேசுவார்கள்? 2018இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொடங்க நினைத்த சமூக ஊடக மையம் ஏறக்குறைய அந்த நோட்டுப் புத்தகம்தான். நாட்டின் 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் ஆள் வைத்து, யார் என்ன பேசுகிறார்கள், எந்த மனநிலையில் பேசுகிறார்கள் என்று தொகுப்பதாகத் திட்டம். திரிணாமூல் காங்கிரஸின் மஹுவா மொய்த்ரா தொடுத்த வழக்கில், இது கண்காணிப்பு அரசை உருவாக்குவதாகாதா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. ஆகஸ்ட் 3 அன்று அரசு திட்டத்தைத் திரும்பப் பெற்றது.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் பார்வை. கண்ணுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. போன் பேச்சையும் இணையச் செய்திகளையும் இடைமறிப்பது. இதற்கு நீதிபதியின் அனுமதி தேவை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை, நேயர்களே. மத்தியில் உள்துறைச் செயலர், மாநிலத்தில் உள்துறைச் செயலர், அவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். ஓர் ஆணை 60 நாள் செல்லும், நீட்டித்து நீட்டித்து 180 நாள் வரை போகலாம். அது சரியா என்று பார்ப்பதற்கு ஒரு மறுஆய்வுக் குழு உண்டு. மாநிலத்தில் அதன் தலைவர் தலைமைச் செயலர். அதாவது அதிகாரி போட்ட ஆணையை அதிகாரிகளே பார்க்கிறார்கள். 1996இல், பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டையாவது கட்டாயமாக்கியது. அதற்கு முன் இதுவும் கிடையாது. 2013இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஆணை வரை பிறப்பிப்பதாகத் தெரியவந்தது. மாதம் 9,000 ஆணையை ஒரு செயலர் எப்படிப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட முடியும்? 2018 டிசம்பரில், கணினிகளில் உள்ளதையும் கண்காணிக்க 10 அமைப்புகளுக்கு அதிகாரம் அளித்து உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது.

உங்கள் போன் ஒட்டுக்கேட்கப்பட்டதா என்பது உங்களுக்கு ஒருநாளும் சொல்லப்படாது. வழக்கு முடிந்த பிறகும் கிடையாது. 2011இல் ஒரு கல்வி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருடைய போனை ஒட்டுக்கேட்க உள்துறை ஆணையிட்டது. அவர் நீதிமன்றம் போனார். 2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஆணையை ரத்து செய்தார். பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு, இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம், குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பதற்காக மட்டும் கூடாது என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் வருவதற்குப் பதினான்கு வருடம் ஆனது. அதுவும் அவர் மேல் வழக்கு இருந்ததால் ஆணை வெளியே தெரிந்தது. வழக்கே இல்லாதவர் எதைக் காட்டி நீதிமன்றம் போவார்? 2021இல் பெகாசஸ் உளவுமென்பொருள் பற்றி வெளிவந்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சீமான், திருமுருகன் காந்தி ஆகியோரின் எண்களும் இருந்ததாகச் செய்தி வந்தது. உச்ச நீதிமன்றம் நியமித்த குழு 29 போன்களைச் சோதித்தது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாகத் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் தெரிவித்தார்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்ற கேள்விக்கு நம் நாட்டில் பதில் வரவே வெகுகாலம் ஆனது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கில் சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டார். ஆனாலும் போலீஸ் அவர் வீட்டுக் கதவை இரவுகளில் தட்டிக்கொண்டே இருந்தது. 1962இல் உச்ச நீதிமன்றம் இரவில் கதவு தட்டுவதைத் தடுத்தது. அந்தரங்கம் என்ற உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றும் சொல்லிவிட்டது. அது மாற 55 வருடம் பிடித்தது. 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு. ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று. அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக்கூடாது. வளர்மதி அப்போது சிறையில் இருந்தார். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசின் கையிலேயே வைத்துவிட்டது.

பயந்து கிடக்க வேண்டாம் என்பதற்கும் தீர்ப்புகள் உண்டு. இரண்டைச் சொல்கிறேன், இரண்டும் மதுரைக் கிளையில், நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2021 டிசம்பரில் வழங்கியவை. பக்கத்து ஊரான கரூரில் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின்மீது வழக்கு வந்தது. வெறும் அட்மின் என்பதற்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்றார் நீதிபதி. குரூப்பை நடத்தும் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது. மற்றொன்று, சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாக வேடிக்கையாக ஃபேஸ்புக்கில் எழுதினார். வாடிப்பட்டி போலீஸ் அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தமானார் என்று வழக்குப் போட்டது. ரிமாண்டுக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த நீதித்துறை நடுவர் முடியாது என்று மறுத்துவிட்டார். உயர்நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. அந்த நடுவரைப் போல ஒருவர் தாலுகா நீதிமன்றத்தில் உட்கார்ந்திருப்பது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம்.

இந்த மண்ணில் மௌனம் எவ்வளவு செலவு வைக்கும் என்பது நமக்குத் தெரியும். 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு என்ற பெயரில் கூட்டி, எழுத்தாளர் பெருமாள்முருகனை அவருடைய நாவலுக்காக நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிக்க வைத்தார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் ஃபேஸ்புக்கில் அறிவித்தார். 2016 ஜூலையில் உயர்நீதிமன்றம் அந்தச் சமரசம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. அவர் பெயர் தெரிந்த எழுத்தாளர், அதனால் உலகம் கேட்டது. குரூப்பில் டெலீட் பண்ணிய தறிக்காரருக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள், நாமக்கல்லில் 6. வாக்குக் கேட்டு இந்தப் பதினேழு தொகுதி வேட்பாளர்களும் நம் வாசலுக்கு வருவார்கள். மாநில உள்துறைச் செயலர் ஓராண்டில் எத்தனை ஒட்டுக்கேட்பு ஆணை போட்டார், மறுஆய்வுக் குழு அவற்றில் எத்தனையைத் தள்ளியது என்ற எண்ணிக்கையைச் சட்டமன்றத்தில் கேட்பீர்களா என்று அவர்களிடம் கேளுங்கள். ஆள் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று குரல் கொடுப்பீர்களா, வழக்கு ஏதும் இல்லை என்றால் பிறகாவது ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று வாதாடுவீர்களா என்று கேளுங்கள். இணையத்தில் எழுதியதற்குக் குண்டர் சட்டம் போடுவதை உங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் நிறுத்துவீர்களா என்று, அந்தக் கடைசிச் சொற்களை அழுத்திக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை உங்கள் குரூப்பில் போடுங்கள்.