சூதின் தரகரும் அரசின் வரியும்

சூதாட்டம் என்றதும் ஆடுபவரும் ஆட்டுவிப்பவருமே நம் நினைவுக்கு வருகின்றனர். இணையச் சூதாட்டத்திலோ மூன்றாமவர் ஒருவரும் உளர். அவரே தரகர். சூதாட்டத் தளங்களை ஒப்பிட்டு எழுதி, வாசிப்பவரை ஒரு கம்பனியின் வாசலுக்கு அனுப்பிவைப்பது அவர் தொழில். அனுப்பும் ஆளொன்றுக்கு இவ்வளவு என ஒரே தடவையிற் கூலி பெறுவது ஒரு முறை. அந்த ஆளால் கம்பனிக்குக் கிடைக்கும் வருவாயிற் பங்கு பெறுவது மற்றொரு முறை. கம்பனியின் வருவாய் என்பது ஆடுபவர் இழந்த பணமன்றி வேறன்று.

இத்தரகரை அரசின் வரி எவ்வாறு தொடுகின்றது என்பதற்குப் பிரித்தானியா நல்லதோர் உதாரணம். முன்னர்ப் பல கம்பனிகள் ஜிப்ரால்ற்றர் போன்ற இடங்களிலிருந்து தொழில் நடத்தி, பிரித்தானிய வரியினின்றும் தப்பின. 2014ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவ்வழியை அடைத்தன. கம்பனி எங்கிருப்பினும், ஆடுபவர் பிரித்தானியாவில் இருந்தால் அந்நாட்டு அனுமதிப்பத்திரமும் 15 வீத வரியும் கட்டாயமாயின. இணையக் கசினோ ஆட்டங்களுக்கான வரி 2019இல் 21 வீதமாயிற்று. அது 2026 ஏப்ரல் முதல் 40 வீதமாகும் என 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் அறிவித்தது.

இவ்வரி கம்பனியின் மீதே விதிக்கப்படுவது. ஆனால் பங்கு ஒப்பந்தங்கள் பலவற்றில் வரியைக் கழித்த பின்னரே தரகரின் பங்கு கணிக்கப்படுகின்றது. ஒருவர் 100 பவுண் இழந்தார் என்றும், தரகரின் பங்கு 30 வீதம் என்றும் கொள்வோம். ஏனைய கழிவுகளை விடுத்து நோக்கின், வரி 21 வீதமாயின் எஞ்சும் 79 பவுணில் அவருக்கு 23.70 பவுண் கிடைக்கும். வரி 40 வீதமாயின் 18 பவுணே கிடைக்கும். ஒப்பந்தத்தில் ஓரெழுத்தும் மாறாமலே, வருமானத்தில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு கரைந்துவிடுகின்றது.

ஒழுங்குவிதியின் தாக்கம் இன்னும் கடுமையானது. தரகர் செய்யும் விளம்பரத்துக்குக் கம்பனியே பொறுப்பாளி. கடனில் மூழ்கிய ஒருவர் சூதாடி மீண்டதாகச் செய்தி போலப் புனைந்த விளம்பரங்களை 2017இல் பிரித்தானிய விளம்பரத் தர அதிகாரசபை கண்டித்தது. அவற்றைப் புனைந்தோர் தரகர். கண்டனம் பெற்றவை கம்பனிகள். அவ்வாண்டிலேயே ஸ்கை பெற் கம்பனி பிரித்தானியாவில் தன் தரகுத் திட்டத்தை மூடிவிட்டது. பொய்யுரைத்தவருடன் நேர்மையாக எழுதியவரும் வருமானம் இழந்தார்.

வருமானம் சுருங்குமிடத்து, அனுமதியற்ற கம்பனிகள் காட்டும் கூடிய கூலி தரகரை ஈர்க்கலாம். அங்கே வரியுமில்லை; ஆடுபவருக்குச் சட்டத்தின் காவலுமில்லை. அத்தகைய கம்பனிகளுக்கு அந்நாட்டில் விளம்பரம் செய்வது குற்றமாகும். ஆதலின் வரியை உயர்த்தும் அரசு, இக்கள்ளவழியை அடைக்கும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும்.

நேயர்கள் மனத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. சூதாட்டத் தளம் ஒன்றைப் புகழ்ந்து எழுதுபவர், வாசிப்பவரின் தோல்வியிற் பங்குடையவராகவும் இருக்கலாம். வரியின் வீதம் எவ்வளவாயினும் அவ்வுண்மை மாறுவதில்லை.