ஊசி போட்ட பின் ஒரு சோதனை



கல்வியின் மேன்மையை எடுத்துரைக்க இம்மேடையில் வல்லார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்டது சிறு செய்தி. ஆயினும் உயிரைப் பற்றியது.

நம் பெண்மக்கள் செவிலியராகின்றனர். இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் நம் இளைஞர் பணிபுரிகின்றனர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே மருத்துவமனைகளைத் துப்புரவு செய்து வருவோரிலும் நம்மவர் பலர். குப்பையில் கிடக்கும் ஊசி இவர்கள் கையையும் குத்தும். அவ்வழியே ஹெப்பாடைட்டிஸ் பி என்னும் நோய் இரத்தத்தில் புகும், நாள்பட்டால் கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயிலும் கொண்டுவிடும்.

தடுப்பூசி உண்டு. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. மருத்துவக் கழிவைக் கையாளும் அனைவருக்கும் இதனைப் போடுவது மருத்துவமனையின் கடமை என 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஒப்பந்தத் தொழிலாளரும் இதில் அடங்குவர். கேட்டுப் பெற வேண்டும்.

ஆனால் பாடம் நடத்திவிட்டதாலேயே மாணவன் கற்றுவிட்டான் என்று எந்த ஆசிரியரும் துணிவதில்லை. உடல்நலமுள்ள பெரியவர்களிலும் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு மூன்று ஊசிக்குப் பின்னும் போதிய எதிர்ப்பாற்றல் தோன்றுவதில்லை. நாற்பதைக் கடந்தோரிடமும் புகைப்போரிடமும் இக்குறை மிகுதி. ஆதலின் கடைசி ஊசிக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு மாதங்களில் 'ஆன்டி எச்.பி.எஸ்.' என்னும் இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். அளவு 10 அல்லது அதற்கு மேல் இருப்பின் காப்பு உண்டு. குறைந்தால் மீண்டும் மூன்று ஊசி, மீண்டும் சோதனை. அப்பொழுதும் ஏறாவிடில், நோய் முன்னரே உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இல்லையெனில் அவர் காப்பற்றவர். ஊசி குத்தினால் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவி, காலந்தாழ்த்தாது, இயன்றவரை 24 மணி நேரத்திற்குள், இம்யூனோகுளோபுலின் ஊசி பெற வேண்டும்.

உரிய காலத்தை ஏன் வலியுறுத்துகிறோம்? ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அளவு இயல்பாகவே இறங்கியிருக்கும்; ஆயினும் உடலின் நினைவாற்றல் நிலைத்திருக்கும். அப்போது காணும் குறைந்த அளவு, காப்பு தோன்றவே இல்லையா, தோன்றி இறங்கியதா என்பதைச் சொல்லாது. அந்நிலையில் ஓர் ஊசி கூடுதலாகப் போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் சோதிப்பர்.

நலமுள்ள பொதுமக்கள் எல்லாருக்கும் இச்சோதனை வேண்டுவதில்லை. மேற்சொன்ன பணியினர், சிறுநீரகச் சுத்திகரிப்பில் உள்ளோர், நோயுற்ற தாயின் குழந்தை முதலியோர்க்கே வேண்டும்.

இன்னொன்று. 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' என்பது நோய் உள்ளதா எனக் காட்டும் வேறு சோதனை. பெயர் ஒத்திருப்பதால் இதனைச் செய்துகொண்டு நிறைவடைவோர் உண்டு. சீட்டில் எழுதியுள்ள பெயரைப் படித்துப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் மாறுவார், அவரது பதிவேடும் அவருடன் போகும். ஊசி போட்ட நாட்களும் சோதனை அளவும் எழுதிய சீட்டைப் பள்ளிச் சான்றிதழ்களோடு உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.