முதலில் போகிறவரின் பயிற்சி



ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறோம். கொண்டாடுகிறோம் என்ற சொல்லே எனக்குச் சற்று உறுத்துகிறது. 1944இல் இதே ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதை மறக்காமல் இருக்கத்தான் இந்த வாரமே. ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகளும் ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிபொருளும் ஒன்றாக வந்திருந்தன. பகலில் பஞ்சு பற்றிக்கொண்டது. கப்பல் வெடித்தது மாலை நான்கு மணிக்குப் பிறகு. நடுவில் நேரம் இருந்தது. இங்கேயே மூழ்கடித்துவிடலாமா, வெளியே இழுத்துப் போகலாமா என்று ஆளுக்கொரு யோசனை வந்தது. முடிவு மட்டும் வரவில்லை. குழாயைப் பிடித்தவர்கள் பிடித்தபடியே நின்றார்கள், நின்ற இடத்திலேயே போனார்கள். அவர்களுடைய துணிவை எண்பது ஆண்டுகளாக மேடைதோறும் போற்றுகிறோம். அவர்களைக் காவு வாங்கிய தயக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இன்று அதைப் பேச எனக்கு அனுமதி கொடுங்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1947 ஏப்ரல் 16. அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்காம்ப் என்ற கப்பலில், அம்மோனியம் நைட்ரேட் உர மூட்டைகளிலிருந்து புகை கிளம்பியது. தண்ணீர் அடித்தால் சரக்கு கெடும் என்று கப்பல் தலைவர் மூடிகளைச் சாத்தி, உள்ளே நீராவியைச் செலுத்தச் சொன்னார். காற்றை அடைத்தால் தீ அடங்கும் என்பது கப்பல்காரர்களின் பழைய பாடம். மற்ற பல சரக்குகளுக்கு அது பொருந்தும். அம்மோனியம் நைட்ரேட்டோ எரியத் தேவையான ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொருள். அடைக்க அடைக்கச் சூடும் அழுத்தமும்தான் ஏறின. கப்பல் வெடித்தபோது அந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் மாண்டார்கள். அதே டெக்சஸ் மாநிலத்தில், அதே அம்மோனியம் நைட்ரேட், 2013 ஏப்ரல் 17 அன்று வெஸ்ட் என்ற சிற்றூரின் உரக் கிடங்கில் வெடித்தது. தீ என்று தகவல் போய்ச் சுமார் இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. இறந்த 15 பேரில் 12 பேர் தீயை அணைக்கப் போனவர்கள், பெரும்பாலும் தன்னார்வலர்கள். விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம், அந்த உரம் தீயில் என்ன செய்யும் என்ற பயிற்சி அவர்களுக்குப் போதுமான அளவு இல்லை என்று எழுதியது. 66 ஆண்டுகளாகியும் ஒரு பாடம் அந்த மாநிலத்துக்குள்ளேயே அடுத்த ஊருக்குப் போய்ச் சேரவில்லை.

நம் பக்கம் வருவோம். 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி. பட்டாசு ஆலை வெடித்து இறந்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்லர். புகையைக் கண்டு பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். உதவ வந்தவரும் உண்டு, வேடிக்கை பார்க்க வந்தவரும் உண்டு. “கிட்டே போகாதீர்கள்” என்று சொல்லத் தெரிந்தவராக, சொன்னால் ஊர் கேட்கக்கூடியவராக அங்கே சிலர் வேண்டியிருந்தது. தன்னார்வலர் என்று நான் சொல்வது அவரைத்தான். வண்டி வந்து சேரும்வரை முடிவெடுக்க வேண்டியவர் அவர். நம் ஏற்பாட்டிலோ அவருக்குத்தான் பயிற்சி மிகக் குறைவு.

பிழைப்பை விட்டுவிட்டு வருகிறவரிடம் இன்னும் பயிற்சி, இன்னும் தேர்வு என்று கேட்டால் வருகிற நாலு பேரும் நின்றுவிடுவார்களே என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஜெர்மனியைப் பாருங்கள். பெருநகரங்கள் நீங்கலாக அங்கே தீயணைப்பு பெரும்பாலும் தன்னார்வலர் கையில்தான் இருக்கிறது; அவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அடிப்படைப் பயிற்சியை மணிக்கணக்கு வகுத்துக் கொடுக்கிறார்கள். குழுத் தலைவராக வேண்டுமென்றால் மாநிலத் தீயணைப்புப் பள்ளிக்குப் போய்த் தனியே படிக்க வேண்டும். ஆள் நின்றுவிடவில்லை. ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்து, அதில் மேலே போகவும் வழிவைத்தால் மனிதன் தங்குவான். வெறுமனே சட்டையும் அடையாள அட்டையும் கொடுத்தால்தான் கழன்றுகொள்வான். நம் நாட்டிலும் பேரிடர் உதவிக்கான ஆப்த மித்ரா திட்டத்தில் 350 மாவட்டங்களில் 1 லட்சம் தன்னார்வலருக்குப் பயிற்சி என்று வகுத்தார்கள். நல்ல தொடக்கம். பயிற்சி முடிந்து அந்தச் சட்டை பீரோவுக்குள் போன பிறகு அவரை ஆண்டுதோறும் திரும்ப அழைப்பது யார் என்பதே என் கேள்வி.

அலுவலர்கள் தரப்பிலும் ஒரு மறுப்பு உண்டு: இருபது வருட அனுபவத்துக்கு மேல் என்ன பயிற்சி? கிராண்ட்காம்ப் கப்பலின் தலைவரும் கடல் பழகியவர்தான். குடிசைத் தீயும் வைக்கோல்போர்த் தீயும் ஆயிரம் பார்த்தவருக்கு மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி புதிது. அணைந்தது என்று திரும்பினால் மறுபடி பற்றிக்கொள்ளும். தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது, நாக்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. பணியில் சேரும்போதும் பதவி உயரும்போதும் படிப்பது சரி. நடுவே கழிகிற ஆண்டுகளுக்குத்தான் பாடத்திட்டம் வேண்டும். கல்லூரி மைதானத்தில் தட்டில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, அணைத்து, கைதட்டு வாங்கி, மறுநாள் பேப்பரில் படம் வருகிறதே, அந்த ஒத்திகை பொதுமக்களுக்குப் போதும். எங்கே எரியும், எப்போது அணையும் என்று முன்கூட்டியே தெரிந்த தீயில் அலுவலர் கற்க ஒன்றுமில்லை. அவர்முன் ஊர் வரைபடத்தை விரியுங்கள். காற்று இந்தப் பக்கம், கிடங்கில் என்ன இருக்கிறதென்று காவலாளிக்குத் தெரியவில்லை, உள்ளே ஆள் உண்டா என்பதில் இரண்டு பேச்சு. இப்போது சொல்லுங்கள், உள்ளே அனுப்புவீர்களா, பின்வாங்கச் சொல்வீர்களா? யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் அந்தப் பதிலைப் பிறகு அலசுங்கள். இதற்கு ஒரு மேசையும் ஒரு மாலைப்பொழுதும் போதும். செலவைக் காரணம் சொல்ல இடமில்லை.

நிலைய அலுவலர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் முடிவதற்குள் ஒரு மாலை உங்கள் எல்லைக்குட்பட்ட தன்னார்வலர்களை நிலையத்துக்கு அழையுங்கள். எந்தக் கிடங்கில் உரம், எந்தக் கடையில் சிலிண்டர், எந்தத் தெருவில் வண்டி திரும்பாது என்ற பட்டியலை அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள்.