உறங்க விடாத கால்கள்

(நமது பள்ளிவாசலில் இஷாத் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! அவன் திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

சென்ற ரமளானில் தராவீஹ் வேளையில் பெரியவர் ஒருவர் பின் ஸஃப்பிலிருந்து எழுந்து, வெளித்திண்ணையில் அங்குமிங்கும் நடந்து கொண்டிருந்தார். ஜும்ஆ பயானின்போதும் அவரால் ஓரிடத்தில் அமர முடிவதில்லை. பள்ளியின் அதபு அறியாதவர் என்று சிலர் முணுமுணுத்தனர். நாமும் அவ்வாறே எண்ணினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். விசாரித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் கயத்தாறிலிருந்து நெல்லைக்குச் சென்று டயாலிசிஸ் செய்து வருபவர் அவர். உட்கார்ந்தாலும் படுத்தாலும் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வதைப் போன்ற அவஸ்தை. நடந்தால் தணிகிறது, படுத்தால் திரும்புகிறது. "ஹஜ்ரத், ராத்திரி முழுக்க முற்றத்தில் நடந்தே விடிகிறது" என்று கண்கலங்கினார்.

இதனை மருத்துவர்கள் ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்’, அதாவது அமைதியற்ற கால்கள் நோய் என்பர். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672ஆம் ஆண்டிலேயே இதனை எழுதி வைத்தார். சுவீடன் நாட்டு மருத்துவர் எக்பாம் 1945இல் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். சிறுநீரக நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. மூளையில் இரும்புச்சத்துக் குறைவதும், டோப்பமின் என்னும் பொருளின் இயக்கம் பிறழ்வதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. டயாலிசிஸின்போது நான்கு மணி நேரம் அசையாதிருப்பது இவர்களுக்குப் பெரும் சோதனை. பொறுக்க இயலாமல் பாதியில் எழுந்துவிட்டால் உடலின் கழிவு முழுமையாக நீங்காது.

அன்பர்களே! இதற்குப் பரிகாரம் உண்டு. முதலில் மருத்துவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். இரத்தத்தில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை செய்து, குறைவிருப்பின் ஊசி வழியே இரும்புச்சத்து ஏற்றுவர். கபாபென்டின் போன்ற மருந்துகளைச் சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவைக் குறைத்தே தருவர். ஆகவே, பிறருக்கு எழுதிய மாத்திரையை வாங்கி விழுங்குவது ஆபத்து. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளுள் பல, எஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சளிக்கும் வாந்திக்கும் தரப்படும் சில மாத்திரைகள் கால் அவஸ்தையை அதிகப்படுத்தும்.

இரும்புச்சத்துக்காகப் பேரீச்சம்பழத்தை அள்ளிக் கொடுப்போரும், தெம்புக்காக இளநீர் கொடுப்போரும் நம்மிடையே உண்டு. அன்பினால் செய்வதே எனினும், இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. பழுதுற்ற சிறுநீரகத்தால் அதனை வெளியேற்ற இயலாது. இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். மாலைக்குப் பின் தேநீர், காப்பியைத் தவிர்ப்பதும், இலேசான நடையும், கால்களை இதமாகப் பிடித்து விடுவதும் ஓரளவு ஆறுதல் தரும்.

நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம். குணமாகும் நம்பிக்கையற்ற நோயாளி, நோன்புக்குப் பகரமாக ஃபித்யா வழங்கலாம். அல்லாஹ் தந்த சலுகையை நாம் மறுக்கலாமா?

தூத்துக்குடி, நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. விண்ணப்பிக்கத் தெரியாதோருக்கு நம் வாலிபர்கள் துணை நிற்கட்டும். டயாலிசிஸ் நாளில் உடன் செல்ல ஒருவர் முன்வரட்டும். பின் ஸஃப்பின் ஓரத்தில், எழுந்து நடப்பதற்கு வழிவிட்டு, நாற்காலிகள் சில போடப்படட்டும். இனி எவரேனும் தொழுகைக்கிடையே எழுந்து சென்றால், முகம் சுளிக்காமல் அவருக்காக துஆச் செய்வோம்.

இரவெல்லாம் விழித்திருக்கும் நோயாளிகளுக்கு வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவையும் நிம்மதியான உறக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.