இன்று நடந்த ஒன்று
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



நாளாந்த ஜெபத்தில் நன்றியும் துதியும் என்ற பொருளில் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இதை எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கற்றது வேதாகமப் பாடவேளையில் அல்ல, விடுதிச்சாலையின் இருட்டில்.

1990ஆம் ஆண்டு நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் அரிது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் எண்ணெய் ஊறவிட்டு எரித்த விளக்கில்தான் படித்தோம். மாலை ஜெபத்துக்கு அதையும் அணைத்துவிடுவோம். ஜெபிக்க வெளிச்சம் தேவையில்லை, எண்ணெயும் மிச்சம்.

எங்கள் மேற்றனிடம் ஒரு சட்டம் இருந்தது. கடவுளிடம் எதையும் கேட்பதற்கு முன்னர், ஒவ்வொருவரும் ஒரு காரியத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். சுகம், உணவு, உடை என்று பொதுவாகச் சொன்னால் விடமாட்டார். "அது நேற்றும் சொல்லலாம், நாளைக்கும் சொல்லலாம். இண்டைக்கு நடந்தது என்ன? அதைச் சொல்லுங்கோ பிள்ளையள்" என்பார்.

அதனால் பகல் முழுவதும் எதையாவது தேடிக்கொண்டே இருப்போம். பழைய கொப்பியில் எழுதாமல் மிஞ்சியிருந்த பக்கங்களுக்காக ஒருத்தி நன்றி சொன்னாள். அப்பா சைக்கிளில் கொண்டுவந்து தந்த பனங்கட்டிக்காக இன்னொருத்தி. எங்களோடு இருந்த சைவப் பிள்ளைகளும் தங்கள் தெய்வத்துக்குத் தங்கள் நன்றியைச் சொன்னார்கள்.

ஒரு நாள் ஒருத்தி, "இண்டைக்கு எனக்கு ஒண்டும் இல்லை, மேற்றன்" என்றாள். அவளுடைய வீட்டிலிருந்து அன்று வந்த செய்தி எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருட்டில் ஒருவரும் அசையவில்லை. மேற்றன் ஏசவும் இல்லை, போதிக்கவும் இல்லை. "சரி பிள்ளை, அதையும் ஆண்டவர் கேட்டார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளையைச் சொல்லச் சொன்னார்.

அந்த வார்த்தையின் பெறுமதி வைத்தியர்களான பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை இழந்த ஒரு தாயிடம், "மற்றப் பிள்ளை சுகமாய் இருக்கிறா, அதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கோ அம்மா" என்று சொல்லியிருக்கிறோம். அவர் பதில் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆறுதல் என்று நினைத்தே சொன்னோம். உண்மையில் அவருடைய அழுகை நிற்பது எங்களுக்குத்தான் தேவையாக இருந்தது. அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டியிருந்தது. நன்றி என்பது ஒருவர் மற்றவருக்கு எழுதிக் கொடுக்கும் மருந்து அல்ல என்பதை அன்று அறிந்தோம்.

சங்கீதப் புத்தகத்துக்கு எபிரேய மொழியில் உள்ள பெயரின் பொருள் 'துதிகள்' என்பதாகும். ஆனால் அதிலுள்ள 150 சங்கீதங்களில் புலம்பல்கள் ஏராளம். 88ஆம் சங்கீதம் ஒரு நன்றி வார்த்தையும் இல்லாமல் இருளோடு முடிகிறது. அதையும் துதிகளின் புத்தகத்துக்குள்ளேயே வைத்தார்கள். ஆகவே மனதில் இல்லாத நன்றியை நடிக்கும்படி கடவுள் நம்மிடம் கேட்கவில்லை.

அப்படியானால் தினமும் நன்றி சொல்வது எதற்கு? வைத்தியர் என்று பவுலால் அழைக்கப்பட்ட லூக்கா, பத்துக் குஷ்டரோகிகளின் கதையை எழுதியிருக்கிறார். திரும்பி வந்தவன் சமாரியன் ஒருவன் மட்டுமே. மற்ற ஒன்பது பேரின் சுகமும் பறிக்கப்பட்டதாக லூக்கா எழுதவில்லை. ஆனால் தான் குணமானதைக் கண்டு, தந்தவரைத் தேடி வந்தவன் அந்த ஒருவனே. நன்றி, கவனித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது. மேற்றன் எங்களுக்குப் பழக்கியதும் அதைத்தான்.

திருச்சபைகள் இன்றும் பாடும் புகழ்பெற்ற நன்றிப் பாடல் ஒன்றை எழுதியவர் மார்ட்டின் ரிங்கார்ட். முப்பதாண்டுப் போர்க் காலத்தில் ஜெர்மனியின் ஐலன்பேர்க் நகரில் போதகராக இருந்தவர். 1637இல் அங்கு கொள்ளைநோய் பரவியபோது, ஆயிரக்கணக்கானோரை அவர் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அவருடைய மனைவியும் அந்த ஆண்டில் இறந்தார். அவருடைய அந்தப் பாடல், சாப்பாட்டு மேசையில் சொல்லும் சிறு ஜெபமாக எழுதப்பட்டது. அன்றன்றைய உணவுக்கான நன்றிதான் அது.

நன்றி, கடவுள் செய்ததற்காக. துதி, அவர் கடவுளாக இருப்பதற்காக. நன்றி சொல்ல ஒன்றும் அகப்படாத இரவிலும், "நீர் இருக்கிறீர், நான் சொல்வதைக் கேட்கிறீர்" என்று சொல்லலாம். அதுவும் துதிதான்.

நாங்கள் இன்றும் கைக்கொள்ளும் ஒழுங்கு மிக எளிது. படுக்கைக்குப் போகுமுன் அன்று நடந்த ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி கூறுகிறோம். அதில் ஒரு மனிதருக்குப் பங்கு இருந்தால், மறுநாள் அவரிடமும் நேரில் சொல்கிறோம். இரவு வேலையில் துணைநின்ற தாதி, வாட்டைக் கூட்டித் துடைத்த ஊழியர் என்று அநேகர் அகப்படுவார்கள். அன்றைய துக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு துதியோடு முடிக்கிறோம். ஐந்து நிமிடம் போதும்.

இன்று எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் அவரவர் இரவில் ஒரு வரி எழுதுகிறோம். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டும் அம்மாவின் படம் ஒரு நாள் வரும், பனிக்குள் வேளைக்கு வந்த பஸ்ஸுக்கு நன்றி இன்னொரு நாள் வரும். சில நாட்களில் ஒருத்தி, "இண்டைக்கு ஒண்டும் இல்லை" என்று எழுதுவாள். "அதையும் ஆண்டவர் கேட்டார்" என்று யாராவது பதில் எழுதுவோம். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

அன்புச் சகோதரிகளே, இன்று நாம் நூறு ஆண்டுகளுக்காக நன்றி செலுத்துகிறோம். நாளை இரவு, நாளைக்கு நடந்த ஒன்றுக்காக நன்றி செலுத்துவோம். ஆண்டவர் நம் பாடசாலையையும் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.