கேட்டால்தான் உரிமை



பொதுச்சாலையும் பொதுக்கிணறும் நமக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. ஆயினும் கேட்பாரற்ற ஊர்களில் அவ்வுரிமை ஏட்டோடு நின்றது.

இன்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. கல்வி உதவித்தொகை விண்ணப்பம் எந்நிலையில் உள்ளது, நம் தெருச் சாலைக்கு எவ்வளவு செலவாயிற்று என்று 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்கலாம். வறுமைக்கோட்டின்கீழ் உள்ளோர் சான்று இணைத்தால் கட்டணமில்லை. அலுவலர் 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். தராவிடில் மேல்முறையீடு செய்யலாம்.

பெண்ணாடத்தில் படித்த நாம் ஒவ்வொருவரும், எழுதத் தெரியாத ஒரு பெரியவருக்கேனும் மனு எழுதிக் கொடுப்போம். நாம் கற்ற கல்விக்கு அதுவே சிறப்பு.